தூங்கி எழுந்தால் கால் அசையவில்லை, காரணம் தைராய்டா?

கேள்வி இதுதான். 29 வயதுத் தம்பிக்குச் சில மாதங்களாக எடை குறைந்துகொண்டே வந்திருக்கிறது, கொஞ்சம் படபடப்பும் இருந்திருக்கிறது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் அதிகாலையில் எழப் பார்த்தால் இரண்டு கால்களும் அசையவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் ரத்தத்தில் பொட்டாசியம் 2.1 என்று வந்தது. மருந்து ஏற்றிய சில மணி நேரத்தில் எழுந்து நடந்துவிட்டார். அப்புறம் செய்த பரிசோதனையில் தைராய்டு மிகையாகச் சுரப்பது தெரிந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா, தற்செயலா? இந்த நோயில் இப்படி எதிர்பாராத சிக்கல்கள் வேறு என்னென்ன வரும்?

தொடர்பு உண்டு. தைராய்டு மிகையால் விட்டுவிட்டு வரும் தசைச் செயலிழப்பு இது. மருத்துவர்கள் தைரோடாக்ஸிக் பீரியாடிக் பராலிசிஸ் என்பார்கள். உங்கள் தம்பியின் வயது, அவர் ஆண் என்பது, அதிகாலை நேரம், குறைந்த பொட்டாசியம், சில மணி நேரத்தில் முழுமையாகச் சரியானது என எல்லாமே அதற்குப் பொருந்துகிறது. தைராய்டு மிகை பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம் வருகிறது. ஆனால் இந்தச் செயலிழப்பு மட்டும் 20 முதல் 40 வயது வரையிலான ஆண்களைத் தேடிப் பிடிக்கிறது. பாதிக்கப்படுபவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் ஆண்கள். ஆசிய வம்சாவளியினரில் தைராய்டு மிகை உள்ளவர்களில் ஏறக்குறைய 100-ல் 2 பேருக்கு இது வருகிறது. மற்றவர்களிடம் ஆயிரத்தில் ஓரிருவருக்குத்தான்.

உடலில் உள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளே இருக்கிறது. ரத்தத்தில் நாம் அளப்பது மிச்சமிருக்கும் சொற்பத்தை, அது 3.5-க்கும் 5-க்கும் இடையில் இருக்க வேண்டும். சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்புகள் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் இருக்கின்றன. தைராய்டு ஹார்மோன் இந்தப் பம்புகளின் எண்ணிக்கையையும் வேகத்தையும் கூட்டுகிறது. இன்சுலினும் அட்ரினலினும்கூட அதே பம்பைத்தான் முடுக்கும். ஆக, தைராய்டு மிகையாக இருக்கும் ஒருவர் இரவில் மாவுச்சத்தும் இனிப்பும் நிறைந்த சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், சுரக்கும் இன்சுலின் பொட்டாசியத்தை மொத்தமாகத் தசைக்குள் தள்ளிவிடுகிறது. சாதாரணமாக அதில் ஒரு பகுதி மெதுவாகத் திரும்பக் கசிந்து வெளியே வரும். அந்தக் கசிவுப் பாதையை உருவாக்கும் மரபணு ஒன்றில் சிலருக்குக் குறை இருப்பதை 2010-ல் கண்டுபிடித்தார்கள். பாதை சரியில்லாதபோது பொட்டாசியம் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. தசைக்கு நரம்புச் செய்தி வந்தாலும் அது சுருங்குவதில்லை. கடுமையாக உடற்பயிற்சி செய்துவிட்டு ஓய்வெடுக்கும் நேரத்திலும் இதே கதைதான். மது இன்னொரு தூண்டுகோல்.

முதலில் பாதிக்கப்படுவது தொடையும் இடுப்பும். கைகள் பிறகுதான், அதுவும் குறைவாக. நினைவு தெளிவாக இருக்கும், தொட்டால் தெரியும், சிறுநீர் கட்டுப்பாடு போகாது. மூச்சுத் தசைகள் பெரும்பாலும் தப்பிவிடும். தண்டுவட நோயா, கிலான் பாரே போன்ற நரம்பு நோயா, சில சமயம் மனக்கோளாறா என்றெல்லாம் சந்தேகம் ஓடும். இளைஞர்களிடம் படபடப்பு, நடுக்கம் போன்ற தைராய்டு அறிகுறிகள் லேசாகவே இருப்பதால், பலருக்குத் தைராய்டு நோய் இருப்பதே இந்தச் செயலிழப்பு வந்த பிறகுதான் தெரியவருகிறது.

உங்கள் தம்பியும் வீட்டாரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அவருக்குப் பொட்டாசியம் பற்றாக்குறை இல்லை. இருப்பது இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். தாக்குதல் முடியும்போது உள்ளே போனது தானாக வெளியே வரும். அந்த நேரத்தில் மருத்துவமனையில் ஏற்றியதும் சேர்ந்துகொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் அபாய அளவுக்கு ஏறி இதயத் துடிப்பையே குலைக்கலாம். இதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் இ.சி.ஜி.யைப் பார்த்தபடியே குறைந்த அளவில், மெதுவாகக் கொடுப்பார்கள். குளுக்கோஸ் கலந்த பாட்டிலில் போடமாட்டார்கள், அது இன்சுலினைத் தூண்டி நிலைமையை மோசமாக்கும். ப்ராப்ரனலால் என்ற மாத்திரை பம்பின் வேகத்தையே குறைப்பதால் பல நேரம் அதுவே தாக்குதலை நிறுத்திவிடும். பரம்பரையாக வரும் வேறொரு வகைச் செயலிழப்புக்குக் கொடுக்கும் அசிட்டசோலமைடு இங்கே உதவாது, சிலருக்கு இன்னும் மோசமாக்கியிருக்கிறது. இணையத்தில் படித்துவிட்டு அதைக் கேட்டு வாங்க வேண்டாம்.

தினமும் பொட்டாசியம் மாத்திரை சாப்பிட்டால் தடுக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். தடுக்காது. தைராய்டு அளவு சரியாகும் வரை ப்ராப்ரனலால் எடுத்துக்கொள்வது, இரவில் மாவுச்சத்தும் உப்பும் அளவாக, மது வேண்டாம், உடலை வருத்தும் பயிற்சி வேண்டாம். இவைதான் தடுப்பு. ஸ்டீராய்டு ஊசியும், மூச்சுத்திணறலுக்குக் கொடுக்கும் சால்பியூட்டமாலும் இந்தத் தாக்குதலைத் தூண்டக்கூடியவை. ஆஸ்துமா உள்ளவராக இருந்தால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ப்ராப்ரனலாலும் ஆஸ்துமாவுக்கு ஆகாது. கால் கனக்கிறது, தசை பிடிக்கிறது, மாடிப்படி ஏற முடியவில்லை என்று தோன்றினால் காலை வரை பார்க்கலாம் என்று படுத்துவிடக் கூடாது. பயம் காலைப் பற்றி அல்ல, இதயத் துடிப்பைப் பற்றி.

சரி, மற்ற சிக்கல்களுக்கு வருவோம். தைராய்டு ஹார்மோன் சென்று சேராத செல் உடலில் கிடையாது என்பதால் இந்த நோய் எந்த உறுப்பின் வேடத்திலும் வரலாம். நோயாளி தவறான துறைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே மாதக்கணக்கில் சுற்றுவதுதான் என்னைப் பொறுத்தவரை இதன் பெரிய சிக்கல். அந்தத் துறை மருத்துவர் நல்லவராகவே இருக்கலாம், டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு மிகையானால் ரத்தத்தில் இது குறையும்) பார்க்கத் தோன்றாமல் போகும், அவ்வளவே.

இதயத்தை எடுத்துக்கொள்வோம். 1835-ல் டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் எழுதிய குறிப்பே, தைராய்டு வீங்கிய மூன்று பெண்களின் கடுமையான, நீண்டநாள் படபடப்பைப் பற்றியதுதான். உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தூண்டிவிடும் அந்த நோய், கிரேவ்ஸ் நோய் என்று இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. தைராய்டு மிகைக்கு மிகப் பொதுவான காரணமும் அதுவே. படபடப்பு எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அந்தப் படபடப்பு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பாக மாறுவது. தைராய்டு மிகை உள்ளவர்களில் 10 பேரில் ஒருவருக்கு அல்லது அதற்கும் சற்று மேல் இது வருகிறது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் இன்னும் அதிகம். மேலறைகள் துடிக்காமல் அதிர்ந்துகொண்டிருப்பதால் ரத்தம் தேங்கி உறைகிறது, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். தைராய்டு நோயின் முதல் அடையாளமே பக்கவாதமாக இருந்த நோயாளிகள் உண்டு.

தைராய்டு ஹார்மோனான டி4-இன் அளவு சரியாகத்தான் இருக்கிறது, டி.எஸ்.எச். மட்டும்தான் குறைவு என்று சில முதியவர்களின் அறிக்கையைத் தள்ளி வைத்துவிடுவார்கள். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வில், 60 வயதைத் தாண்டி டி.எஸ்.எச். 0.1 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு 10 ஆண்டுகளில் இந்த ஒழுங்கற்ற துடிப்பு வரும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது. முடிவு வெளியானது 1994-ல். எனவே அந்த ஒற்றை எண்ணை அலட்சியம் செய்வது எனக்கு உடன்பாடில்லை. ஆறுதலான செய்தியும் உண்டு. தைராய்டை அடக்கிய சில மாதங்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் துடிப்பு தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தைராய்டு மிகையாக இருக்கும்போது குறைந்த வார்ஃபரினே அதிகமாக வேலை செய்யும். தைராய்டு அடங்க அடங்க அதே அளவு போதாமல் போகும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அந்த மாதங்களில் அடிக்கடி செய்ய வேண்டியிருப்பது இதனால்தான்.

இதய நோயே இல்லாத இளம் வயதினருக்கு இதயம் வீங்கிச் செயலிழக்கும் அளவுக்குப் போவதும் உண்டு, நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடி வலது பக்க இதயம் தள்ளாடுவதும் உண்டு. கால் வீக்கமும் வயிற்றில் நீரும் சேர்ந்து வருபவரிடம் தைராய்டை யார் நினைப்பார்கள்? மாரடைப்பு போலவே நெஞ்சுவலி வந்து, ஆஞ்சியோவில் அடைப்பு எதுவும் இல்லாமல், குழாய் இழுத்துச் சுருங்கியது மட்டும் காரணமாக இருந்த நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை தைராய்டைச் சரிசெய்தால் திரும்பி வருபவை. பலவீனமான இதயத்துக்கு வாழ்நாள் முழுக்க மருந்து என்று முடிவெடுக்கும் முன் ஒரு தைராய்டுப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

முதியவர்களிடம் இந்த நோய் ஆளே மாறி வரும். 1931-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஃப்ராங்க் லேஹி இதைப் பதிவு செய்தார். நடுக்கம் இல்லை, பரபரப்பு இல்லை, கண் பிதுங்கல் இல்லை. மாறாக ஒரே சோர்வு, பேச்சில் ஆர்வமின்மை, பசியின்மை, உடல் மெலிவு. வீட்டில் வயசாகிவிட்டது என்பார்கள், மருத்துவமனையில் புற்றுநோய் தேடுவார்கள் அல்லது மனச்சோர்வு மாத்திரை எழுதுவார்கள். மலச்சிக்கல்கூட இருக்கலாம், பாடப்புத்தகத்துக்கு நேர் எதிராக. காரணம் தெரியாமல் எடை குறையும் எந்த முதியவருக்கும் டி.எஸ்.எச். பார்க்காமல் அடுத்த ஸ்கேனுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வயிற்றுப் பிரிவில் மாட்டிக்கொள்பவர்கள் தனி. நன்றாகப் பசிக்கும், ஆனாலும் எடை குறையும் என்றுதான் கேள்விப்பட்டிருப்போம். சிலருக்கு ஓயாத வாந்திதான் முதல் அறிகுறி. எண்டோஸ்கோபி சுத்தமாக இருக்கும், வாந்தி நிற்காது. இதற்கு ரத்தத்தில் கால்சியம் கூடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். தைராய்டு ஹார்மோன் எலும்பு கரைவதை முடுக்குவதால் ஐந்தில் ஒருவருக்கு வரை கால்சியம் லேசாக ஏறும். சொற்பப் பேருக்கு வாந்தி, நீர்வறட்சி வரை போகும். எலும்பில் இழந்ததோ, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, முழுதாகத் திரும்ப வருவதில்லை.

கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கடும் வாந்தியோடு டி.எஸ்.எச். குறைந்திருந்தால் அது வேறு கணக்கு. கர்ப்ப ஹார்மோனான எச்.சி.ஜி. தைராய்டையும் லேசாகத் தூண்டும் என்பதால் அது தற்காலிகமானதுதான், பெரும்பாலும் தைராய்டு மருந்து தேவைப்படாது. ஆனால் கருவுக்குப் பதில் நஞ்சுக்கொடித் திசு மட்டும் தாறுமாறாகப் பெருகும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் எச்.சி.ஜி. எக்கச்சக்கமாக ஏறி, நிஜமான கடுமையான தைராய்டு மிகையையே உண்டாக்கும். மயக்க மருந்து கொடுத்துக் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் முன் தைராய்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லீரலுக்கு வருவோம், இங்கே ஒரு சிக்கல் இன்னொன்றோடு பின்னிக்கொள்கிறது. தைராய்டு மிகையே கல்லீரல் நொதிகளை ஏற்றிவிடும். சிலருக்கு மஞ்சள் காமாலையும், தூங்கவிடாத அரிப்பும் வரும். தைராய்டைக் குறைக்கக் கொடுக்கும் மாத்திரைகளும் கல்லீரலைப் பாதிக்கலாம். மாத்திரை தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனை செய்து வைத்திருந்தால், பிறகு எண் ஏறும்போது நோயா மருந்தா என்று சொல்ல முடியும். செய்யாவிட்டால் இருட்டில் தேட வேண்டியதுதான். புரொப்பைல்தையோயூரசில் மாத்திரை அரிதாகக் கல்லீரலை அடியோடு செயலிழக்கச் செய்வதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-ல் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்கள் போன்ற சில நேரங்களில் மட்டுமே இப்போது அதை முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்றபடி கார்பிமசோல் அல்லது மெத்திமசோல்தான்.

அந்தக் கார்பிமசோலைப் பற்றி உங்கள் தம்பிக்கு யாராவது சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆயிரத்தில் 2 முதல் 5 பேருக்கு இது ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் முக்கியமான நியூட்ரோஃபில்களை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடும். பெரும்பாலும் முதல் 3 மாதங்களில், முன்னறிவிப்பு இல்லாமல். போன வாரம் செய்த ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது என்பது இதற்கு உத்தரவாதம் ஆகாது, சில நாளில் சரிந்துவிடும். நம்பக்கூடியது அறிகுறியை மட்டுமே. மாத்திரை எடுக்கும் காலத்தில் காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். சாதாரணச் சளிதான் என்று ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டே கார்பிமசோலையும் தொடர்ந்தவர்கள்தான் உயிருக்குப் போராடும் நிலையில் வந்து சேர்கிறார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் மாத்திரையைத் தொடரலாம், நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒருமுறை இப்படி ஆனவர்களுக்கு கார்பிமசோல் வகை, புரொப்பைல்தையோயூரசில் இரண்டுமே பிறகு கூடாது.

மனநலப் பிரிவில் சேர்க்கப்படுபவர்களும் உண்டு. தூக்கமின்மை, எரிச்சல், பதற்றம் என்பது வழக்கம். அதுவே பித்துப்பிடித்த உற்சாகமாகவோ, இல்லாத குரல் கேட்பதாகவோ மாறுவது அரிது, ஆனால் நடக்கிறது. திடீரெனப் படிப்பில் கவனம் போன பதின்வயதினர், பீதித் தாக்குதல் என்று முத்திரை குத்தப்பட்ட இளம்பெண்கள் போன்றவர்களுக்கு ஒரு டி.எஸ்.எச். பார்ப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது? எண்கள் சரியான பிறகும் மனம் அமைதியாகச் சில மாதங்கள் எடுக்கலாம் என்பதையும் வீட்டில் உள்ளவர்கள் தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது.

தசையிலேயே இன்னொரு நுணுக்கம். கிரேவ்ஸ் நோயில் மேல் இமை மேலே ஏறி, கண் விரிந்து தெரியும். அப்படிப்பட்டவருக்கு இமை கீழே தொங்க ஆரம்பித்தால், அதுவும் மாலையாக ஆக அதிகமானால், அது தைராய்டின் வேலை அல்ல. கூடவே மையஸ்தீனியா கிரேவிஸ் என்ற இன்னொரு தன்னெதிர்ப்பு நோய் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வருவது உண்டு. ப்ராப்ரனலால் அந்த நோயை மோசமாக்கக்கூடியது என்பதால் இதைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஆபத்து.

வேறு சில விசித்திரங்களும் உண்டு. ஆண்களுக்கு மார்பு பெரிதாவது, நகம் விரல் சதையிலிருந்து பிரிந்து நிற்பது, முழங்காலுக்குக் கீழே தோல் தடித்து மேடுபடுவது. ஸ்கேனில் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கட்டி போலத் தெரிந்து வீடே பதறும். பல நேரம் அது கிரேவ்ஸ் நோயில் வீங்கிய தைமஸ் சுரப்பி, தைராய்டுக்கு வைத்தியம் பார்த்தால் தானே சுருங்கிவிடும். ஸ்கேனில் வேறு சந்தேகம் எதுவும் இல்லாவிட்டால், அவசரப்பட்டு அறுவை சிகிச்சை செய்யும் முன் சில மாதங்கள் காத்திருந்து மறுபடி ஸ்கேன் பார்ப்பதுதான் முறை.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தைராய்டு அளவு சரியாகிவிட்டால் கண்ணும் சரியாகிவிடும் என்பது உண்மையல்ல. கண்ணைத் தாக்குவது ஹார்மோன் அல்ல, கிரேவ்ஸ் நோயின் ஆன்டிபாடிகள், அதாவது சொந்த உடலையே குறிவைக்கும் எதிர்ப்புப் புரதங்கள். தைராய்டு அளவு சரியாக இருக்கும்போதே கண் நோய் வருபவர்களும் உண்டு. பிதுங்கல் பெரும்பாலும் தோற்றப் பிரச்சினை. கண்ணுக்குப் பின்னால் வீங்கிய தசைகள் பார்வை நரம்பை நெரிப்பதுதான் பயப்பட வேண்டியது. பிதுங்கலே பெரிதாக இல்லாதவருக்கும் அது நடக்கலாம். நிறங்கள், முக்கியமாகச் சிவப்பு, ஒரு கண்ணில் வெளிறித் தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். புகைபிடிப்பது இந்தக் கண் நோயை வரவழைக்கும், வந்ததை மோசமாக்கும், சிகிச்சையையும் வேலை செய்யவிடாது. தம்பி புகைபிடிப்பவராக இருந்தால் நிறுத்தச் சொல்ல இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

எல்லாச் சிக்கல்களிலும் கொடியது, அரிதாகவே வரும் தைராய்டு புயல் என்பது. கட்டுப்பாட்டில் இல்லாத தைராய்டு மிகையோடு தொற்று, அறுவை சிகிச்சை, பிரசவம், ஸ்கேனுக்குப் போடும் அயோடின் சாயம் போன்ற ஏதோ ஒன்று சேரும்போது கிளம்பும். மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிடுவதும் முக்கியமான காரணம். அதிகக் காய்ச்சல், தறிகெட்ட துடிப்பு, பிதற்றல், வயிற்றுப்போக்கு, காமாலை. பர்ச், வார்டாஃப்ஸ்கி இருவரும் 1993-ல் வெளியிட்ட மதிப்பெண் முறையை இன்றும் பயன்படுத்துகிறார்கள். 45 அல்லது அதற்கு மேல் போனால் புயல்தான் என்று எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்குவார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்தும் பத்தில் ஒருவராவது இறந்துவிடுகிறார் என்பதால் ரத்த முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். இந்தக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. புரதத்தோடு ஒட்டியிருக்கும் தைராய்டு ஹார்மோனை அது விடுவித்துவிடும். பாராசிட்டமால் போதும்.

கிரேவ்ஸ் நோய்க்காகத் தைராய்டையே எடுத்துவிட்ட ஒரு பெண், பல ஆண்டுகள் கழித்து மாற்று ஹார்மோன் மாத்திரையோடு முழு ஆரோக்கியமாகக் கர்ப்பமாகிறார் என்று வையுங்கள். அவர் உடம்பில் ஆன்டிபாடி இன்னும் இருக்கலாம். தாக்குவதற்கு அவரிடம் தைராய்டு இல்லை, ஆனால் நஞ்சுக்கொடி வழியே போனால் குழந்தையிடம் இருக்கிறது. வயிற்றுக் குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 160-ஐத் தாண்டி நிலைத்திருப்பது அதன் அடையாளம். எனக்குத்தான் தைராய்டு பிரச்சினை எப்போதோ முடிந்துவிட்டதே என்று பழைய கதையை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம். ஆன்டிபாடி அளவைக் கர்ப்ப காலத்தில் பார்த்துவிட்டால் போதும்.

இவ்வளவையும் படித்துவிட்டு டி.எஸ்.எச். குறைந்த ஒவ்வொருவரும் பயப்பட வேண்டாம் என்பதற்காக ஒன்று. முடி, நகத்துக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரைகள் சில ஆய்வகக் கருவிகளை ஏமாற்றி, டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டும். கிரேவ்ஸ் ஆன்டிபாடி பரிசோதனைகூடச் சில முறைகளில் பொய்யாக அதிகம் என்று வரும். ஆளுக்கு எந்த அறிகுறியும் இல்லை, எண்கள் மட்டும் பயமுறுத்துகின்றன என்றால் பயோட்டினைக் குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். அறிகுறியும் எண்ணும் ஒத்துப்போகும் உங்கள் தம்பிக்கு இந்தச் சந்தேகம் தேவையில்லை.

அவருக்கு அடுத்துச் செய்ய வேண்டியது, தைராய்டு மிகைக்குக் காரணம் கிரேவ்ஸ் நோயா, சுரப்பியில் கட்டியா, தற்காலிக அழற்சியா என்று உறுதி செய்வது. அழற்சியாக இருந்தால் சில வாரங்களில் தானே அடங்கும், கார்பிமசோல் அங்கே வேலை செய்யாது. கிரேவ்ஸ் என்றால் ஒன்றரை ஆண்டு போல மாத்திரை எடுத்து நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. மற்றவர்களுக்குத் திரும்பினால் படபடப்பு வரும். இவருக்கோ மறுபடி ஒருநாள் கால் நின்றுவிடலாம், அதுவும் வண்டி ஓட்டும்போதோ நீந்தும்போதோ. ஆகவே கதிரியக்க அயோடின் அல்லது அறுவை சிகிச்சை என்ற நிரந்தரத் தீர்வைச் சீக்கிரமே பேசிவிடச் சொல்வேன். கண் பாதிப்பு இருந்தால் அயோடின் அதைக் கூட்டலாம், அப்போது அறுவை சிகிச்சை பக்கம் சாயலாம். அயோடினைத் தேர்ந்தெடுத்தால், அது வேலை செய்து ஹார்மோன் இறங்கச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகும். கொடுத்த கையோடு குணமாகிவிட்டது என்று நினைத்து ப்ராப்ரனலாலை நிறுத்திவிடக் கூடாது. ரத்தத்தில் அளவு சரியாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லும் வரை அதுவும் உணவுக் கட்டுப்பாடும் தொடர வேண்டும்.